காற்றைப் பார்த்து நடிப்பது

மெத்தைக் கதிரையில் ஒரு பள்ளம் விழுகிறது. யாரும் வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பஞ்சு அமுங்குகிறது. ஓர் ஆளின் கனத்துக்கு அமுங்கி அப்படியே நிற்கிறது. எதிரே இருக்கும் ஆங்கிலேயப் பெண் அந்தப் பள்ளத்துக்கு மேலே, ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில் கண்களை நிறுத்தி, தேநீர் வேண்டுமா என்று கேட்கிறாள். கேட்பது இத்தாலிய மொழியில். அவளுடைய உதடுகளோ வேறு மொழியில் அசைகின்றன. கோப்பை தட்டிலிருந்து எழும்பி, அந்தரத்தில் சரிந்து, திரும்பத் தட்டுக்கு வருகிறது. உற்றுப் பார்த்தால் கைப்பிடியில் மெல்லிய கம்பியொன்று மின்னும். உற்றுப் பார்க்காமல் இருப்பதுதான் அந்தத் தொடருக்கு நாங்கள் கொடுத்த மரியாதை.

நாங்கள் என்பது சிஞ்ஞோராவும் நானும். இத்தாலியின் பலேர்மோ நகரில் சீசாப் பக்கம், கீழே பேருந்துகள் உறுமிக்கொண்டு திரும்பும் ஒரு சந்தியில், இரண்டாம் மாடி வீட்டில் அந்த வயதான அம்மையாரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிக்கவைப்பேன், மருந்து கொடுப்பேன், கால் பிடித்துவிடுவேன், அவர் தூங்கும்போது எழுதுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு அந்தப் பழைய பிரித்தானியத் தொடர் வேண்டும். தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தில், கீழே காப்பிக் கடையில் நின்றபடி பார்த்ததாம். அவருடைய பெறாமகன் எங்கேயோ தேடி எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு கதையும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு திருடனோ ஒற்றனோ அகப்பட்டுவிடுவான்.

கதாநாயகன் ஒரு விஞ்ஞானி. ஆய்வுகூடத்தில் ஏதோ பிழையாகிப்போய் அவனுடைய உடம்பு கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது. ஆளாகத் தெரியவேண்டிய நேரங்களில் தலை முழுக்க வெள்ளைத் துணி சுற்றிக்கொள்வான். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையுறை, நீண்ட கோட்டு. தெரியக்கூடாத நேரங்களில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கள்வர்களின் பின்னால் போவான். அவனாக நடித்தவரின் பெயரைக்கூடத் திரையில் போடவில்லை என்று சிஞ்ஞோரா சொல்வார். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் சிலுவைக்குறி இட்டுக்கொள்வார்.

நான் பார்த்தது கதாநாயகனை அல்ல. பார்க்க அங்கே என்ன இருந்தது? மற்றவர்களைப் பார்த்தேன். காவல் அதிகாரி, தங்கை, வில்லன், கடைக்காரி, ஒவ்வொருவரும் வெறும் காற்றில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அதைப் பார்த்துப் பேசினார்கள், கோபித்தார்கள், நன்றி சொன்னார்கள். அவர்களுடைய கண் பிசகினால் கதாநாயகன் செத்தான். காற்றுக்கு உயிர் கொடுத்தது கம்பியா? அந்தக் கண்கள்தான். இதை நினைத்துக்கொண்டு நான் பல மதியங்கள் சும்மா இருந்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டிய, மனம் மட்டும் ஓடுகிறவளுக்கு அது நல்ல வேலை.

மாடிப்படி துடைக்க வருகிறவர் வாசலில் நின்று பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். நம்முடைய ஆள், யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறைப் பக்கம். என்னிலும் பத்து வயது குறைவு இருக்கும். என்னை அக்கா என்பார். வாளியைப் படியில் வைத்துவிட்டு, கையில் தும்புத்தடியோடு நின்று, எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் கதாநாயகன் பனி கொட்டும் தெருவில் கோட்டையும் தலைக்கட்டையும் கழற்றிப்போட்டு ஓடினான். வாசலில் இருந்து குரல் வந்தது.

"அக்கா, அப்ப ஆள் இப்ப உரிஞ்சாங்குண்டியோ?"

நான் சிரித்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் லண்டன் குளிரல்லோ. உந்தக் கள்ளரைப் பிடிக்கமுன்னம் ஆள் விறைச்சுச் செத்துப்போகும்."

சிஞ்ஞோரா என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் மூச்சு வாங்கச் சிரித்து, அறுபது வருடமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்று, படி துடைக்கிறவரை உள்ளே வந்து இருக்கச் சொன்னார். அவர் உள்ளே வந்தார். ஆனால் இடது பக்கத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய முகத்தின் இடது பாதி விழுந்திருந்தது. ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் தானாக ஒழுகியதாம். கண்ணாடியைப் பார்த்தால் ஒரு கண் சிமிட்டவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூளையில் ஒன்றுமில்லை, நரம்பு வீக்கம், அனேகம் பேருக்குச் சில கிழமைகளில் சரியாகிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சில கிழமைகள் போய்விட்டன. மாரி போய், கீழே மரங்கள் துளிர்த்தும்விட்டன. முகம் அப்படியே இருந்தது.

ஊரில் அவர் நாடகக்காரன். ராசா வேசம் கட்டிய ஆள். கோயில் திருவிழா மேடையில் அவர் கண்ணை உருட்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் அழுவார்களாம். அதைப் பார்த்துத்தான் மனைவி விரும்பியதாம். மனைவியும் ஆறு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். குடும்பத்தை இங்கே எடுப்பதற்கான பெர்மெசோ என்கிற அனுமதிப்பத்திர அலுவல்கள் எல்லாம் முடிந்து, விசாவும் குத்தியாகிவிட்டது. டிக்கெற் போடவேண்டியதுதான் மிச்சம்.

மனைவிக்கு முகத்தின் கதை தெரியாது. முதல் கிழமை, போனில் கமரா உடைந்துவிட்டது என்று சொன்னார். சரியானதும் காட்டலாம் என்பது யோசனை. இரண்டாம் கிழமையும் கமரா உடைந்தே இருந்தது. பிறகு அந்தப் பொய்யைத் திருத்த இன்னொரு பொய்; நெற் சரியில்லை, வேலையில் நிற்கிறேன், வெளிச்சம் காணாது. "வரமுன்னம் சரியாகும் அக்கா," என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது இடக்கையின் பெருவிரலால் வாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தால்தான் சொல் ஒழுகாது.

இங்குள்ள தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னிடம் வருடந்தோறும் ஒரு நாடகம் கேட்பார்கள். நான் வருடந்தோறும் திருக்குறளையும் தியாகத்தையும் சேர்த்து ஏதாவது கொடுப்பேன். இந்த வருடம், கண்ணுக்குத் தெரியாத ஒருவன் கள்வரைப் பிடிக்கிற கதை என்றேன். பள்ளித் தலைவர் கபோச் சந்தையை ஒட்டிய சந்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை. விழாக் கூட்டத்தில் இதைக் கேட்டதும், கதாநாயகன் தான்தான் என்றார்.

"தங்கச்சி, ஆள் எப்ப மேடைக்கு வரும்?"

"கட்டுப்போட்டுக்கொண்டு ரெண்டு காட்சியிலை வருவார். மிச்சமெல்லாம் குரல் மட்டும்."

"முகம்?"

"முகம் தெரியாது."

"கடைசிக் காட்சியிலை கட்டை அவிழ்ப்பம்."

"அவிழ்த்தால் அங்கை ஒண்டும் இருக்காது அண்ணை. அதுதான் கதை."

அவர் மீசையைத் தடவினார். "அப்ப நான்தான் நடிச்சனான் எண்டு ஆருக்குத் தெரியும்? சனம் என்னைப் பாக்கத்தானே வருது."

"உங்களைக் காட்டமாட்டம் எண்டு நோட்டீஸிலை போட்டால் இன்னும் கூட வரும்," என்றாள் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கும் பெண். அறையே சிரித்தது. அண்ணை வில்லனாகிவிட்டார். வேறு யாரும் கதாநாயகனாக வரவில்லை. எங்களுடைய விழாவில் மேடைக்கு ஏறுவதே வீடியோவில் தெரிவதற்கு. ஊரில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கு. முகம் தெரியாத கதாநாயகன் வேசத்தை வாங்கித் தன் சொந்தக்காரருக்கு யார் என்ன சொல்லமுடியும்?

மறுநாள் மாடிப்படியில், துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கதாநாயகனாக வருவீரோ என்று கேட்டேன்.

"முகம் ஒரு இடத்திலும் தெரியாதோ அக்கா?"

"தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப சரி."

அவர் தும்புத்தடியை ஒரு சுற்றுச் சுற்றிப் படியில் ஊன்றினார். ராசா செங்கோல் ஊன்றுவதுபோல. நான் பார்க்காததுபோல உள்ளே போனேன்.

ஒத்திகை, ஞாயிறு காலைகளில், ஒரு தேவாலயத்தின் பின்னால் உள்ள மண்டபத்தில். மேசையில் இருக்கும் கோப்பையும் தொங்கும் சாவியும் தானாக நகரவேண்டும். துறைமுகத்துக்குப் போய், அதன் மதிலுக்குப் பக்கத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் தங்கூசி நூல் வாங்கி வந்தேன். திரைக்குப் பின்னால் இரண்டு தாய்மார் நின்று அதை இழுத்தார்கள். சாவி எழும்ப வேண்டிய இடத்தில் மேசைவிரிப்பு எழும்பியது. அது பிறகு பிறகு சரிவந்தது. சரிவராதது கண்கள்.

கதாநாயகன் திரைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, வில்லன் அண்ணை மேடையில் வெறும் காற்றோடு சண்டை பிடிக்கவேண்டும். அவர் கூரையைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணை, ஆள் என்ன தென்னைமரமோ?" என்றேன்.

அடுத்த முறை தரையைப் பார்த்தார். "இப்ப ஆளைத் தாட்டுப்போட்டியளோ?" என்றாள் நடனப்பெண். தங்கையாக நடித்த பிள்ளை ஒரு பக்கம் பார்க்க, காவல் அதிகாரி மறுபக்கம் பார்க்க, மேடையில் நாலைந்து தெரியாத மனிதர்கள் நிற்பதுபோல் இருந்தது.

அதற்கு வழி சொன்னது எங்கள் கதாநாயகன்தான். திரைக்குப் பின்னால் இருந்து வந்து, அந்த இடத்தில் நின்றார். "என்னைப் பாத்துப் பழகுங்கோ. பேந்து நான் விலகிறன். நீங்கள் கண்ணை எடுக்காதேங்கோ."

நின்றபிறகுதான் அது எல்லோருக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன். அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். கடையில், பேருந்தில், கோயிலில் அவருடன் கதைக்கும்போது அவருடைய தோளைப் பார்த்துக் கதைப்போம், சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கதைப்போம். அது மரியாதை என்பது எங்கள் எண்ணம். இப்போது நாடகத்துக்காக, நெற்றியிலிருந்து நாடிவரை, மூடாத கண், இறங்கிய கன்னம் எல்லாவற்றையும் நேருக்கு நேர் பார்க்கவேண்டியிருந்தது. முதல் ஞாயிறு அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அண்ணைதான், தன் வில்லன் குரலிலேயே, "இஞ்சை பாரடா! முகத்தைத் திருப்பினால் நான் எங்கை பாக்கிறது?" என்று உறுக்கினார். அவர் திரும்பினார். பிறகு ஒத்திகைக்கு ஒத்திகை நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்து முடிந்ததும் மெல்ல விலகிப் பின்னால் போனார். அந்த இடத்தில் அவர் இருந்தார். இல்லை, ஆனால் இருந்தார். அத்தனை கண்களும் அவரை அங்கே பிடித்து வைத்திருந்தன.

வசனத்தைத் திரும்ப எழுதினேன். உதடு ஒட்டவேண்டிய இடங்களில் அவருக்குக் காற்று ஒழுகியது. மைக்கில் அது சீறலாகக் கேட்டது. 'பயப்படாதே' என்பதை எடுத்துவிட்டு 'அஞ்சாதே' போட்டேன். ஒரு வசனம் முழுக்க உதடு ஒட்டாமல் எழுதுவது எனக்குக் கவிதையைவிடக் கடினமாக இருந்தது. பலநாள் பேருந்தில் வாயை அசைத்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். 'நம்பு' என்ற சொல்லுக்கு மட்டும் மாற்று அகப்படவில்லை. அதை விட்டுவிட்டேன். அவர் திரைக்குப் பின்னால் பெருவிரலால் வாயைத் தூக்கிப் பிடித்து அதைச் சொன்னார். நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிறு ஒத்திகை நடுவில் அவருடைய போன் அடித்தது. ஒதுங்கிப் போய்க் கதைத்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட காட்சி முடிந்து அடுத்தது கட்டில்லாத காட்சி. நான் மேடையில் இருந்து கத்தினேன்: "தம்பி, கோட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ, நேரம் போகுது!"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்தார். மறுமுனை வெட்டிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, சிஞ்ஞோராவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஊர் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நீங்கள்தானே நாடகம் பழக்கிற அக்கா?"

"ஓம், ஆர் கதைக்கிறது?"

சொன்னாள். அவருடைய மனைவி. குரல் நிதானமாக இருந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

"அவருக்கு என்ன வேசம் அக்கா?"

"கதாநாயகன்."

"அப்ப கதாநாயகி ஆர்?"

"கதாநாயகி இல்லைத் தங்கச்சி."

"கதாநாயகி இல்லாத நாடகமும் இருக்கோ?"

"தங்கச்சி வேசம்தான் ஒண்டு இருக்கு. சின்னப் பிள்ளை நடிக்குது."

 பின்னால் சேவல் கூவுவதும் யாரோ வாளி வைக்கும் சத்தமும் கேட்டது.

"அக்கா, குறை நினையாதேங்கோ. மாசக்கணக்கா மனுசன் முகத்தைக் காட்டேல்லை. கதைச்சாலும் மெல்ல மெல்ல, சொல்லுக்குச் சொல்லு யோசிச்சு, பக்கத்திலை ஆரோ இருக்கிற மாதிரி அடக்கிக் கதைக்கிறார். முந்தி அப்பிடிக் கதைக்கிற ஆளில்லை. பெலத்துக் கதைக்கிற ஆள். பேந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு பொம்பிளை கோட்டைக் கழட்டச் சொல்லிக் கேக்குது."

"அது நான்."

"நீங்கள் எண்டு நீங்கள்தான் சொல்லுறியள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிவிட வாய் வரை வந்தது. ஆனால் அது என்னுடைய முகம் இல்லை, நான் எடுத்துக் காட்டுவதற்கு.

"விழாவை லைவ் போடுவினமாம். பாப்பன். முகத்தைப் பாத்தால்தான் என்ர மனம் ஆறும். டிக்கெற்றை அதுக்குப் பிறகுதான் போடுவன். முகம் காட்டாத மனுசனை நம்பிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வரமாட்டன். அதை அவருக்குச் சொல்லிவிடுங்கோ."

சொன்னேன். மூன்றாவது மாடி வளைவில் அவர் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது படிப்படியாக இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ வரமாட்டன் எண்டு சொன்னவவோ?"

"முகத்தைப் பாத்தால் வருவன் எண்டு சொன்னவ. நீர் எடுத்துக் காட்டும் தம்பி. என்ன நடக்கும்?"

"அவ ராசாவையல்லோ அக்கா கட்டினது."

"ராசாவையோ? உம்மையல்லோ கட்டினது."

"எனக்கே கண்ணாடியைப் பாக்க ஏலாமல் இருக்கு." பிறகு, "இன்னும் கொஞ்சம் பொறுப்பம்," என்றார். நான் கோபத்தோடு இறங்கிவிட்டேன். துடைத்த ஈரத்தில் என் செருப்புத் தடம் பதிந்தது. பின்னால் அவர் அதைத் திரும்பத் துடைக்கிற சத்தம் கேட்டது.

விழா ஒரு ஞாயிறு பிற்பகல். மண்டபம் நிறையச் சனம். சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்திருந்தேன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கோப்பை எழும்பிய இடத்தில் கைதட்டியவர் அவர்தான் முதலில். அண்ணை காற்றின் கையில் அடி வாங்கி விழுந்த விழுக்காடு அவருடைய கடை வியாபாரத்துக்கு ஒரு வருடத்துக்குக் காணும். குரல் திரைக்குப் பின்னாலிருந்து மண்டபத்தின் மேலே விரிந்தது. 'அஞ்சாதே' என்றது. சனம் அமைதியானது. கடைசியில் தங்கை, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, 'அண்ணா, நீ இருக்கிறாயா' என்று கேட்கிறாள். காற்று, 'இருக்கிறேன், நம்பு' என்கிறது. அந்தப் பிள்ளையின் கண் அசையவில்லை. அந்த உயரத்திலேயே நின்றது. சிஞ்ஞோரா மூக்கைச் சிந்தினார்.

நான் மறந்தது ஒன்று. எங்களுடைய விழா எதுவும் நாடகத்தோடு முடிவதில்லை. கௌரவிப்பு இருக்கும். நடித்தவர், நூல் இழுத்தவர், சோடா பகிர்ந்தவர் எல்லோரையும் மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்தால்தான் விழா முடியும். இருபது வருடமாக இந்த விழாக்களுக்குள் கிடந்து உழல்கிறவள் நான். இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. முகம் தெரியாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தவள்.

கதாநாயகனை அழைத்தார்கள். கட்டோடும் தொப்பியோடும் கறுப்புக் கண்ணாடியோடும் வந்தார். நல்ல யோசனை என்று எனக்குப் போன மூச்சு வந்தது. அண்ணை கோட்டுக்கு மேலே பொன்னாடையைப் போர்த்தினார். சனம் சிரித்தது. அப்போதுதான் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டுக்கொண்டிருந்தவன் கூவினான்:

"அண்ணை, ஊரிலை இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறா, கதாநாயகனைக் கட்டை அவிழ்க்கச் சொல்லட்டாம்!"

மண்டபமே பிடித்துக்கொண்டது. "அவிழ்! அவிழ்!" பின்வரிசையில் விசில். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பகிடி. எழுதியது யாரென்று தெரிந்தவர்கள் மேடையில் அவரும் கீழே நானும்தான். அவர் கை கழுத்துவரை போய், துணியின் நுனியைத் தொட்டு, அங்கேயே நின்றது. கறுப்புக் கண்ணாடி என்னைப் பார்த்ததா, போனைப் பார்த்ததா? நான் அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

கை இறங்கியது. அவர் குனிந்து வணங்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். சனம் அதற்கும் கைதட்டியது; நாடகத்தின் மிச்சம் என்று நினைத்திருக்கவேண்டும்.

சிஞ்ஞோராவை நடனப்பெண்ணிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மண்டபத்தின் குசினியில், ரோல்ஸ் தட்டுகளுக்கு நடுவில், ஒரு பெட்டியின்மேல் அப்படியே இருந்தார். யன்னலில் நல்ல வெயில். மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. திரும்ப அடித்தது.

"இனி அடிக்கமாட்டா," என்றார். அடித்தது.

"எடும் தம்பி."

"எனக்கு ரெண்டு கையும் வேணும். நீங்கள் பிடியுங்கோ அக்கா. எனக்கு நேரை பிடியுங்கோ."

"வீடியோவோ?"

ஓம் என்று தலையை ஆட்டினார்.

நான் போனை அவருக்கு நேரே நீட்டினேன். திரை அவர் பக்கம். அவள் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இன்னும் நாடகம் முடியேல்லையோ உங்களுக்கு?"

 அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். துணியின் நுனியைத் தேடிப் பிடித்து, தொப்பியைக் கழற்றாமலே அவிழ்க்கத் தொடங்கினார். நான்தான் இறுக்கிக் கட்டியிருந்தேன். அவிழ நேரம் எடுத்தது. வெள்ளைத் துணி மடியில் விழுந்து, மடியிலிருந்து நிலத்தில் விழுந்தது. நாடி தெரிந்தது, வாய் தெரிந்தது, கன்னம் தெரிந்தது. மறைக்கப் போன பெருவிரலை அவர் பாதி வழியில் நிறுத்திக் கீழே விட்டார்.

 தொடர்பு அறுந்துவிட்டதா என்று நான் திருப்பிப் பார்க்க நினைத்தேன், பார்க்கவில்லை.

"கிட்ட வாங்கோ," என்றாள்.

அவர் முன்னால் சரிந்தார்.

"இடதுபக்கம் முழுக்கவோ?"

"ஓம்."

"நோகுதோ?"

"இல்லை. விறைப்பு."

"அந்தக் கண் மூடுமோ?"

"மூடாது. படுக்கேக்கை பிளாஸ்ரர் ஒட்டிப்போட்டுப் படுக்கிறனான்."

"ஆர் ஒட்டிவிடுறது?"

"ஆர் ஒட்டிவிட இருக்கினம்? நான்தான்."

 போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கோணலா ஒட்டியிருப்பியள்," என்றாள். "கலண்டர் ஆணி ஒண்டு நேரா அடிக்கத் தெரியாத மனுசன்." அவ்வளவுதான், அதற்குப் பிறகு அணை உடைந்தது. "கமரா உடைஞ்சதோ? நெற் வரேல்லையோ? நான் இஞ்சை என்னென்ன எல்லாம் நினைச்சுக் கிடந்தன் தெரியுமோ? கோயில் கோயிலா நேத்தி வைச்சனான், அந்தப் பொம்பிளை நாசமாய்ப் போகவேணும் எண்டு. ஒரு பொம்பிளையும் இல்லையெண்டால் இப்ப நான் அந்த நேத்தியை என்ன செய்யிறது? பாத்துக்கொண்டு இருங்கோ, வந்து வலதுபக்கத்துக்கு ஒண்டு தாறன், ரெண்டும் சரிக்குச் சரி வரும்."

அவர் சிரித்தார். பாதி வாய் சிரித்தது, மற்றப் பாதி அப்படியே இருந்தது, மூடாத கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கியது. வெளியே யாரோ கதிரைகளை அடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கை உளைந்தது, மாற்றிப் பிடிக்கவில்லை.

"அப்ப வாறீரோ?" என்றார். 'ப்ப' காற்றில் ஒழுகியது. அவர் வாயைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

"முதல்லை அந்தத் தொப்பியைக் கழட்டுங்கோ," என்றாள். "முழுசாப் பாக்கவேணும்."